ரத்தத்தின் ருசி

கேள்வி: தோழர்கள் கூடிப் பழைய திகில் படமொன்றை மீண்டும் பார்க்கவிருக்கிறோம், படத்துக்குப் பொருத்தமான பானம் எது?

பதில்: ஜார்ஜ் ரொமேரோ 1968இல் இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு வெள்ளையில் நிறம் காட்டிக்கொடுக்காது என்பதால் அதில் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பையே பயன்படுத்தினார்கள்; ஆகவே சாக்லேட் கலந்த குளிர்ந்த பாலைவிடப் பொருத்தமான பானம் கிடைக்காது. (சிவப்புச் சர்பத்தை டிராகுலாவுக்கு ஒதுக்கி வையுங்கள்.) வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டதால் அமெரிக்காவில் அது எவரும் திரையிடத்தக்க பொதுச்சொத்தாயிற்று, அதன் தீவிர ரசிகர் கூட்டம் பெருகியதில் அந்தக் கவனக்குறைவுக்கும் பங்குண்டு. இம்முறை வீட்டைச் சூழ்ந்துகொள்ளும் நடமாடும் பிணங்களை விட்டுவிட்டு, வீட்டுக்குள் அடைபட்டவர்கள் நிலவறையில் ஒளிவதா, மேலேயே நின்று எதிர்ப்பதா என்று தமக்குள் மோதிக்கொள்வதைக் கவனியுங்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான திகில் அதுதான்.