மலைக் குளிரில் மின் பேனலுக்குத் தெர்மல் கேமரா சோதனை தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். மின் பேனல்களை ஆண்டுதோறும் தெர்மல் கேமராவில் (சூட்டை நிறங்களாகக் காட்டும் கேமரா) படமெடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் குளிரில் பேனல் எங்கே சூடாகப் போகிறது? வீண் செலவுதானே?

வீண் செலவாகவும் போகலாம். எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் போனது. கேமரா மீது குற்றமில்லை. ஜனவரியில் ஆளை வரவழைத்த எங்கள் மீதுதான்.

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. உறைபனிக் காலத்தில் கொழுந்து வரத்து குறைவு, பாதி இயந்திரங்கள் சும்மா கிடக்கும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரில், ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஆர், பி ஃபேஸ் இணைப்பு முனைகள் 21 டிகிரி, ஒய் ஃபேஸ் 24 டிகிரி. அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். 24 டிகிரியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? நானும் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம், கொழுந்து குவியும் பருவத்தில், நள்ளிரவு தாண்டி அதே ஒய் ஃபேஸ் லக் (கேபிள் முனையைப் பேனலில் இறுக்கும் உலோகக் காது) கருகியது. நொதிக்கப் போட்டிருந்த தூள் முழுவதும் வீண்.

கணக்கு எளியது. இணைப்பில் உருவாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜனவரியில் அந்த ஃபீடரில் ஓடியது 50 ஆம்பியர். மே மாதத்தில் 150. மூன்று மடங்கு மின்னோட்டம், ஒன்பது மடங்கு வெப்பம். அன்று வெறும் 3 டிகிரியாகத் தெரிந்த வித்தியாசம் முழு லோடில் 27 டிகிரி வரை போகக்கூடியது. தளர்ந்த இணைப்பு சுடச்சுட ஆக்சைடு படிந்து மேலும் கெடும். ஆகவே அந்தக் கணக்கோடும் நிற்காது. குறைந்தது 40 சதவீத லோடு இல்லாமல் படமெடுக்கக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. நாங்கள் எடுத்தது அதற்கும் கீழே.

உங்கள் குளிர் விஷயத்துக்கு வருகிறேன். குளிர் பேனலைக் காப்பாற்றுவதைவிடக் கோளாறை மறைப்பதே அதிகம். கோயம்புத்தூரில் 40 டிகிரி வெயிலில் ஒரு முனை 50 டிகிரி காட்டினால் உயர்வு 10தான். நம் ஊரில் 12 டிகிரி இரவில் அதே 50 காட்டினால் உயர்வு 38. எனவே படத்தில் எவ்வளவு சிவப்பு என்று பார்க்காதீர்கள். அந்த நிறம் கேமராவில் அளவை மாற்றினால் மாறிவிடும். ஒரே லோடில் ஓடும் மூன்று ஃபேஸ்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மின் கருவிச் சோதனைக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் நீட்டா (NETA) அமைப்பின் பட்டியலில் 1 முதல் 3 டிகிரி வித்தியாசமே கவனிக்க வேண்டியது. 15க்கு மேல் போனால் உடனே பழுது பார்க்க வேண்டும். எங்கள் 3 டிகிரி அன்றே அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது!

ஒப்பிடும் முன் கிளாம்ப் மீட்டரில் (கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பாருங்கள். ஒரு ஃபேஸில் லோடே கூடுதல் என்றால் அதன் கேபிள் நெடுகச் சூடாக இருக்கும். இணைப்பு கெட்டிருந்தால் முனையில் சூடு உச்சத்தில் இருந்து, தள்ளிப் போகப்போகக் குறையும். லோடு கூடுதல் என்றால் ஸ்பேனர் எடுத்து முனையை இறுக்கிப் பயனில்லை.

பளபளக்கும் செம்பு பஸ்பாரை (பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) நேரே படமெடுத்து வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது கண்ணாடிபோல எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். ஒருமுறை பஸ்பாரில் 'சூடான இடம்' என்று நான் குறித்தது என் முகம். மின்சாரத்தை நிறுத்தியிருக்கும் நாளில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவைத்தால் பிறகு அதன் மேல் அளக்கலாம். பேனலுக்குள் உள்ள அக்ரிலிக் தடுப்பும் கேமராவுக்குச் சுவர்தான். அதன் வழியே எதுவும் தெரியாது. ஆகவே ஓடும் பேனலைத் திறந்துதான் எடுக்க வேண்டும். உரிமம் பெற்றவர், மின்பொறியிலிருந்து காக்கும் முகக் கவசம், தகுந்த கையுறை, போதிய தூரம் இல்லாமல் இதைச் செய்ய விடாதீர்கள். டிரான்ஸ்பார்மர் முற்றத்தில் மூடுபனியோ பலத்த காற்றோ இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். காற்று சூட்டைத் துடைத்துவிடும், பனி மறைத்துவிடும்.

மலிவான வெப்பமானித் துப்பாக்கி போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 12க்கு 1 விகிதக் கருவி (தூரம் 12 பங்கு என்றால் அளக்கும் வட்டம் 1 பங்கு) ஒரு மீட்டர் தள்ளிநின்றால் எட்டு சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும். விரல் அகல லக்கின் சூடு அதில் கரைந்துவிடும். ஆளையே கூப்பிடுங்கள், மே மாதத்தில், எல்லா இயந்திரங்களும் ஓடும் இரவில். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அப்போதைய ஆம்பியரையும் அறை வெப்பநிலையையும் எழுதித் தந்தால்தான் பில்லுக்குப் பணம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் சொல்கிறோம்.