கோப்பில் மட்டும் அந்த வரி இரண்டு முறை வருவது ஏன்?

வணக்கம் தர்மபுரி நண்பரே. உங்கள் சி நிரலில் ‘தொடக்கம்’ என்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, ஓடும் நிரலை இரண்டாக்கும் ஃபோர்க்கை (fork) அழைக்கிறீர்கள். திரையில் ஒரு முறை வரும் வரி, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் இரண்டு முறை வருகிறது என்கிறீர்கள். பாவம், கம்பைலர் மேல் பழி போடாதீர்கள்.

அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப் (printf) எழுதுவது நேராக வெளியே போவதில்லை. உங்கள் நிரலின் நினைவகத்திலேயே ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், தங்குகிறது. திரைக்குப் போவதென்றால், வரி முடிவுக் குறி வந்ததும் பஃபர் காலியாகும். கோப்புக்கென்றால், அது நிரம்பும்வரை அல்லது நிரல் முடியும்வரை காத்திருக்கும். அதற்குள் ஃபோர்க் நடந்தால் தாயின் (அழைத்த நிரலின்) நினைவகம் சேய்க்கு (புதிதாகப் பிறந்த நிரலுக்கு) நகலாகிறது, எழுதாமல் கிடக்கும் அந்த வரியோடு சேர்த்துத்தான். முடியும்போது இருவரும் தத்தம் பஃபரைக் கொட்டுகிறார்கள்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு ரசீது நிரல் எழுதியபோது நானும் இதில் மாட்டினேன். வந்து இறங்கியது 40 கூடை, கணக்குக் கோப்பில் 80. மண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஃபோர்க்குக்கு முந்தைய வரியில் பஃபரைக் கொட்டும் எஃப்ஃப்ளஷ் (fflush) அழைத்து, வழக்கமான வெளியீடான எஸ்டிடிஅவுட்டைக் (stdout) காலி செய்யுங்கள். சேயை, முன்னால் அடிக்கோடு போட்ட எக்ஸிட்டால் (_exit) முடிப்பதும் ஒரு வழி. அது பஃபரைத் தொடாது. ஆனால் சேய் தானாக அச்சிட்டு இன்னும் வெளியேறாததும் அதோடு தொலையும். எனக்கு முதல் வழியே பிடிக்கும்.

உங்கள் நிரலில், சேய் முடியும்வரை தாயைக் காத்திருக்கவைக்கும் வெயிட்பிட் (waitpid) காணவில்லை. தாய் தொடர்ந்து ஓடும்வரை, முடிந்துபோன சேய், ஓட்டம் நின்றும் நீங்காத ‘ஜோம்பி’யாக, இயங்குதளம் வைத்திருக்கும் நிரல் பட்டியலில் கிடக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள்.