தைல அடுப்புக்கு அரசு ஆராய்ச்சி நிதி: எவ்வளவு கேட்கலாம், எப்போது கேட்கலாம்?

கேள்வி: உதகை–மஞ்சூர் சாலையில் நீலகிரித் தைலம் காய்ச்சுகிறோம். அப்பா காலத்துச் செம்புக் கொப்பரை. இலையையும் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டு விறகில் கொதிக்கவைக்கும் பழைய முறைதான். ஆவியைத் தனியாக உண்டாக்கி இலைக்குள் செலுத்தும் அடுப்பு ஒன்றைச் செய்ய நினைக்கிறேன். விறகு பாதியாகக் குறையும் என்பது என் கணக்கு. "அரசு ஆராய்ச்சி நிதி 50 லட்சம் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் எனக்கு" என்று ஒருவர் வருகிறார். என் தம்பியோ, அரசுப் பணத்தில் சிறு தொழிலில் நடக்கும் ஆராய்ச்சியெல்லாம் கோப்போடு முடிந்துவிடும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. கமிஷன்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் சொல்லும் 50 லட்சம் பெரும்பாலும் பைராக் நிறுவனத்தின் 'பிக்' திட்டமாக இருக்கும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2012-ல் தொடங்கிய அமைப்பு அது. 50 லட்சம் வரை, 18 மாதத்துக்குத் தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது உயிரித் தொழில்நுட்பப் புதுமைக்கு. அடுப்பு வடிவமைப்பை அங்கே கொண்டுபோனால் முதல் சுற்றிலேயே திரும்பி வரும்.

தம்பியின் சந்தேகம் பழையது. பொருளாதார அறிஞர்களும் அதைக் கிண்டிக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்கத் திட்டம். 1982-ல் சட்டம் போட்டு, பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் உள்ள மத்தியத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்றார்கள். பின்னாளில் அந்தப் பங்கு 3.2 சதவீதமாக உயர்ந்தது. 2000-ல் ஸ்காட் வால்ஸ்டன் என்பவர் கணக்குப் பார்த்தபோது கிடைத்த விடை கசப்பானது: அரசு ஒரு டாலர் கொடுத்தால், நிறுவனம் தன் கையிலிருந்து போட இருந்த ஒரு டாலரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. ஆராய்ச்சி கூடவில்லை, செலவு செய்தவர்தான் மாறினார்.

அதற்கு ஓராண்டு முன்பு ஜோஷ் லெர்னர் வேறு பக்கத்தைக் காட்டினார். நிதி பெற்ற நிறுவனங்கள் அடுத்த பத்தாண்டில் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. ஆனால் முதலீட்டாளர்கள் நிறைந்திருந்த ஊர்களில் மட்டும். திரும்பத் திரும்ப மானியம் வாங்கியவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. மானியம் வாங்குவதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 2017-ல் வந்த சப்ரினா ஹவலின் ஆய்வு. அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த நிதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மதிப்பெண் வரிசையில் மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார். முதல் கட்டமாகக் கிடைத்த சிறிய தொகை, ஒன்றரை லட்சம் டாலர், பின்னால் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பை 10 சதவீதத்திலிருந்து 19 ஆக உயர்த்தியது. இரண்டாம் கட்டத்தில் கொடுத்த பெருந்தொகையால் அந்த வாய்ப்பு அசையவே இல்லை. காரணம், முதல் தொகை ஒரு மாதிரியைச் செய்துபார்க்க உதவியது. 'இது ஓடுமா?' என்ற சந்தேகம் தீர்ந்ததும் தனியார் பணம் தானாக வந்தது. அரசு முத்திரை குத்தியதற்காக யாரும் பணம் போடவில்லை.

அமெரிக்கக் கணக்கு மஞ்சூருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காசு எங்கே வேலை செய்கிறது என்பதை அது காட்டுகிறது: ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்க்கும் சிறிய தொகையில். உங்கள் சந்தேகம் என்ன? 'விறகு பாதியாகக் குறையுமா, தைலமும் அதன் தரத்தைக் காட்டும் சினியோல் என்ற சேர்மத்தின் அளவும் குறையாமல்?' அவ்வளவுதான். இதற்கு 50 லட்சம் எதற்கு?

தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் இந்த அளவுக்கென்றே வைத்தது போல இருக்கும். முதல் வகையில் 2 லட்சம் வரை, இரண்டாவதில் 5 லட்சம் வரை. ஆய்வுத் துணைக்கு ஒரு கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்கவேண்டும். அந்தத் துணைக்கு நீங்கள் லக்னோவில் இருக்கும் மத்திய மூலிகை, நறுமணப் பயிர் ஆய்வு நிறுவனம் வரை போகவேண்டாம். மலை இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, கோவையில் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம். இரண்டிலும் தைல மரம் அறிந்தவர்கள் உண்டு. மத்திய சிறுதொழில் அமைச்சகமும் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை தருகிறது, ஆனால் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான். அது அடுத்த கட்டத்துக்கு இருக்கட்டும். வரம்புகளும் கடைசி நாட்களும் மாறும், மனுப் போடுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் (டிஐசி) ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள், கட்டணம் கிடையாது. வருமான வரியில் ஆராய்ச்சிச் செலவைவிடக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்: அந்தக் கூடுதல் கழிவு கம்பெனிகளுக்கானது, அதுவும் 2020 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

மனு எழுதுமுன் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இப்போதைய கொப்பரையை அளந்து வையுங்கள். ஒவ்வொரு ஈடுக்கும் எத்தனை கிலோ இலை, பச்சையா சருகா, எத்தனை கிலோ விறகு, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் தைலம். மழைக்கால ஈடும் வெயில்கால ஈடும் தனித்தனியாக. நனைந்த இலையில் விறகுக் கணக்கு எப்படி எகிறும் என்பது உங்களுக்கே தெரியும். பழைய கணக்கு கையில் இல்லாமல் 'பாதியாகக் குறைந்தது' என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. ஆய்வகத்தில் நாலு மாதிரி கொடுத்து சினியோல் அளவையும் வாங்கிவிடுங்கள். தைலம் வாங்கும் வியாபாரி கடைசியில் பார்க்கப்போவது அதைத்தான்.

சோதனையை மலையிலேயே செய்யவேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கோவை ஆய்வகத்தில் எடுத்த எரிபொருள் கணக்கு உங்கள் கொட்டகையில் அப்படியே வராது. ஆவியைக் குளிர்விக்கும் தொட்டிக்கு ஓடைத் தண்ணீர்தானே? பிப்ரவரி, மார்ச்சில் அது மெலிந்துபோகும். தொட்டியில் சூடேறிய தண்ணீரையே ஆவிக் கலத்துக்கு ஊட்டும்படி குழாய் அமைத்தால் தண்ணீரும் மிஞ்சும், விறகும் மிஞ்சும். ஒன்று எச்சரிக்கை: மூடிய கலத்தில் அழுத்தத்தோடு ஆவி எடுத்தால், கலத்தின் அளவைப் பொறுத்துக் கொதிகலன் சட்டம் குறுக்கே வரும். அதை வடிவமைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வெல்டிங் முடிந்த பிறகு அல்ல.

பணம் வரும் விதத்தையும் சொல்லியாகவேண்டும். ஆராய்ச்சி நிதி மொத்தமாகக் கையில் கிடைக்காது. தவணை தவணையாக வரும். முந்தின தவணைக்குப் பில்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்தது. நடுவில் சில மாதம் உங்கள் காசில்தான் வண்டி ஓடும். இலை பொறுக்குபவர்களின் கூலியை அதில் மாட்டிவிடாதீர்கள். தனி வங்கிக் கணக்கு வைத்து, ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வாங்காமல் இருந்தால் தணிக்கையில் தப்பிக்கலாம். கமிஷன்காரருக்குக் கொடுக்கும் 10 சதவீதத்துக்கு எந்தத் தலைப்பில் பில் வைப்பீர்கள்?

லெர்னர் சொன்னது மலையில் இன்னும் கூர்மையாகக் குத்தும். இங்கே முதலீட்டாளர் கூட்டம் இல்லை. அடுப்பு வென்றால் அடுத்த காசு யார் போடுவது? பக்கத்தில் தைலம் காய்ச்சும் நாலைந்து பேரிடம் இப்போதே பேசுங்கள்: 'விறகு இவ்வளவு குறைந்தால் இந்த விலைக்கு வாங்குவீர்களா?' இரண்டு பேர் எழுத்தில் ஆமாம் என்றால் அதை மனுவோடு இணையுங்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் இது உங்கள் கொட்டகைக்கான செலவு. ஆராய்ச்சி நிதி கேட்க வேண்டியதில்லை, சாதாரண இயந்திரக் கடன் போதும். இலை வரத்தையும் மறக்கவேண்டாம். தைல மரம் போன்ற அந்நிய மரங்களை அகற்றும் பேச்சு நீலகிரியில் நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கிறது.

காப்புரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நீராவியில் வடிப்பது உலகறிந்த முறை. உங்கள் அமைப்பில் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும் யோசியுங்கள். சிறு நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பிக்குமுன் வெளியே காட்டிவிட்டால் புதுமை போய்விடும். அதனால் அடுப்பு எரிவதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஆசையை அதுவரை அடக்கி வையுங்கள், தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.