அரிசி ஆலைப் பொயிலரை உமிக்கு மாற்றலாமா?

இலங்கையில் 2022 போல டீசல் தட்டுப்பாடு வந்தால் சம்மாந்துறைப் புழுங்கல் ஆலை நிற்காமலிருக்க, பொயிலரை உமிக்கு மாற்றலாமா என்பது கேள்வி.

தாராளமாக. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி. காய்ந்த உமி 3 கிலோ கிட்டத்தட்ட ஒரு கிலோ டீசலின் வெப்பம் தரும். எரியும்போது வெளிவரும் காபன் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான்.

தொல்லை சாம்பலில்தான். உமியில் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா. அடுப்பில் சூடு எல்லை மீறினால் சாம்பல் இளகிக் கட்டிபிடித்து, உமி எரியும் கம்பித் தட்டியை அடைக்கும். காற்றில்லாமல் கரும்புகை கிளம்பும். பறக்கும் சாம்பல் குழாய்களையும் தேய்க்கும். அயலவர் கூரையில் அது படியாதிருக்க, புகைபோக்கிக்கு முன் சைக்ளோன் (புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கலம்) கட்டாயம். மாரிக்கு முன்பே உமிக்குக் கூரை போடுங்கள். அரைக்கும் மோட்டர்களுக்கு மின்சாரம் தனியாக வேண்டும்.