வெள்ளை ரோஜா வாங்கினேன், ரோஸ் நிறத்தில் பூக்கிறதே?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் நர்சரியில் 180 ரூபாய் கொடுத்து 'ஐஸ்பெர்க்' வெள்ளை ரோஜா வாங்கினேன். இரண்டு தடவை பால் மாதிரி பூத்தது. அப்புறம் ஒரு வெளிநாட்டு வீடியோவில் சொன்னபடி ஒட்டுப் பகுதியை மண்ணுக்குள் புதைத்துத் தொட்டி மாற்றினேன். இப்போது சின்னச் சின்ன ரோஸ் நிறப் பூக்கள் கொத்தாக வருகின்றன. ஏமாற்றிவிட்டார்களா? கோத்தகிரியில் அக்கா வீட்டிலும் இதே ரகம்தான், அங்கே இலையெல்லாம் கரும்புள்ளி.

பதில்: நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. முதலில் வெள்ளையாகப் பூத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். நீங்கள் வாங்கியது ஒட்டுச்செடி, அதாவது ஒரு தொட்டியில் இரண்டு ரோஜா. கீழே வேருக்காக வைத்த முரட்டு ரகம், மேலே ஐஸ்பெர்க். கீழே உள்ளது துளிர்விட்டு மேலே இருப்பதை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கே மேல்மண்ணை விரலால் விலக்குங்கள். முழங்கால் முட்டி போல ஒரு முண்டு தெரியும், அதுதான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து கிளம்பும் குச்சி எதுவானாலும் அடியோடு பிய்த்து எடுங்கள். கத்திரியால் பாதியில் வெட்டினால் மறுபடி கிளைக்கும். இலைக்காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டு ரகம் என்பார்கள், அதை நம்பாதீர்கள், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். முண்டுக்கு மேலே உள்ள குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் ஐஸ்பெர்க் உயிரோடு இருக்கிறது, மீண்டு வரும். எல்லாம் காய்ந்து பழுப்பாக இருந்தால் புதுச்செடிதான் வழி.

வீடியோக்காரர் சொன்னதும் தப்பில்லை, ஆனால் அது அவர் ஊருக்கு. 1958இல் ஜெர்மனியில் கோர்டெஸ் நர்சரி வெளியிட்ட ரகம் இது. மண்ணே உறைந்துபோகும் ஊர்களில் ஒட்டு கருகாமல் இருக்கப் புதைப்பார்கள். தாம்பரத்தில் உறைபனி ஏது? இங்கே ஒட்டு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரியவேண்டும், அப்போதுதான் கீழே துளிர்ப்பது கண்ணில் படும்.

வெயில் ஊரில் ஐஸ்பெர்க் நன்றாகவே வரும். சித்திரை, வைகாசியில் பூ சிறுத்து, இதழ் ஓரம் கருகும், மதிய வெயிலுக்கு மட்டும் நிழல் கொடுங்கள். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் வெளிர் புள்ளியும் தெரிந்தால் செஞ்சிலந்தி, காலையில் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

அக்காவுக்குப் பிரச்சினை ஈரம். கரும்புள்ளிப் பூஞ்சை தொற்ற, இலை ஏழு மணி நேரம் போல நனைந்தபடி இருந்தால் போதும், கோத்தகிரி மூடுபனியில் அது தினமும் நடக்கும். காலை வெயில் விழும் இடத்துக்கு மாற்றி, செடிக்குச் செடி காற்றோட இடம் விட்டு, வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எறியவேண்டும், உரக்குழியில் போடக்கூடாது. குளிரில் இதழில் லேசாக ரோஸ் சாயல் படர்ந்தால் பயப்படவேண்டாம், இந்த ரகத்தின் இயல்பு அது.

அடுத்தமுறை வாங்கும்போது பூ விரிந்த செடியாகப் பார்த்து, ஒட்டுக்கு மேலிருந்து குறைந்தது இரண்டு கிளை கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ரகத்தின் பெயர் எழுதிய பில் கேளுங்கள். வேறு செடி தந்து ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல அந்தப் பில்தான் கைகொடுக்கும்.