டோஸ் குறையுதுன்னா செல் முளைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

இன்சுலின நிறுத்தாதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

ஒம்பது வயசு பையன், ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் டைப் 1 சுகர்னு தெரிஞ்சுது, 18 யூனிட்ல ஆரம்பிச்ச இன்சுலின் நாலு மாசத்துல 6 யூனிட்டுக்கு இறங்கிடுச்சு, வைரஸ் அழிச்ச பீட்டா செல் (கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்) திரும்ப வளரும்னு வீடியோல பாத்தேன், ஊசிய நிறுத்திப் பாக்கலாமா, போட்டுட்டே இருந்தா கணையம் சோம்பேறி ஆயிடாதான்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கடைசி வரிதான் உங்க நிஜமான பயம்னு தோணுது, நம்ம கையாலயே தினம் குத்தி புள்ளைய கெடுக்கறோமோன்னு. இல்லம்மா, நேர்மாறு. சுகர் 400, 500ன்னு ஏறிக் கிடந்தப்போ மிச்சம் இருந்த பீட்டா செல்லும் அந்தச் சுகர்லயே மயங்கிப்போய் வேலைய நிறுத்தியிருக்கும். நீங்க போட்ட ஊசி சுகர இறக்கினதும் அதுங்க எழுந்து மறுபடி சுரக்க ஆரம்பிச்சிருக்கு, டோஸ் குறைஞ்சது அதனாலதான். இதுக்கு ஹனிமூன்னு பேரு (வெச்ச ஆளு யாரோ, இந்த நேரத்துல ஒரு அம்மாகிட்ட சொல்ற பேரா இது). சில மாசம் ஓடும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் போகும், அப்புறம் டோஸ் மறுபடி ஏறும். அப்ப நாம என்ன தப்பு பண்ணோம்னு உக்காந்து அழக்கூடாதுன்னுதான் இப்பவே சொல்லி வைக்கறேன்.

அந்த வீடியோ விஷயத்துக்கு வர்றேன். வைரஸ் மேல சந்தேகம் பழசுதான். 1979ல, சுகர் வந்த வேகத்துலயே இறந்துபோன ஒரு பத்து வயசு பையனோட கணையத்துல இருந்து காக்ஸாக்கி பி4 வைரஸ எடுத்து எலிக்குப் போட்டாங்க, எலிக்கும் சுகர் வந்துச்சு. ஆனா மனுஷங்ககிட்ட பெரும்பாலும் வைரஸ் தீக்குச்சி கிழிக்கறதோட சரி, எரிக்கறது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்திதான். காய்ச்சல் போனாலும் அது மறக்காது, புதுசா ஒரு செல் முளைச்சாலும் அதையும் தேடிப் போய் அடிக்கும். எலிக்கு, அதுவும் இளசா இருந்தா, பீட்டா செல் சுலபமா பெருகும், மனுஷக் குழந்தைக்கு அந்த வேகம் முதல் சில வருஷத்தோடயே அடங்கிடுது. வீடியோக்காரர் காட்டினது எலி, அத மட்டும் சொல்ல மறந்துட்டார்.

ஆராய்ச்சி நடக்காம இல்ல. ஸ்டெம் செல்லுல (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) இருந்து லேப்ல வளர்த்த, இன்சுலின் சுரக்கற செல்ல உள்ள வெச்சு, 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷத்துல இன்சுலின் இல்லாம இருந்தாங்கன்னு 2025ல வெளியாச்சு, ஆனா அவங்க எல்லாரும் பெரியவங்க, எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்த விடாம சாப்பிடறவங்க. தானா வளர்ந்த கதை இல்ல அது. உங்க பையனுக்கு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரியணும்னா சி-பெப்டைட் டெஸ்ட் எடுங்க. உடம்பு சுரக்கற இன்சுலினோட மட்டும்தான் அது வரும், ஊசி இன்சுலின்ல கிடையாது.

இப்ப சொல்றத ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டுங்க. வாந்தி, வயித்து வலி, ஓடாமலேயே ஆழமா வேகமா மூச்சு, வாயில அழுகின பழம் இல்லன்னா நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாசம், எழுப்பினா சரியா எழும்பாத தூக்கம். இதுல ரெண்டு சேர்ந்தா காலைல பாக்கலாம்னு படுக்காதீங்க, எமர்ஜென்சிக்கு ஓடுங்க. சுகர் 250க்கு மேல போனாலோ உடம்பு சரியில்லன்னாலோ யூரின் கீட்டோன் ஸ்ட்ரிப் பாருங்க (இன்சுலின் பத்தலன்னா உடம்பு கொழுப்ப எரிக்கும், அப்ப வர்ற அமிலம்தான் கீட்டோன்), அட்டை ஊதாவா மாறினா உடனே டாக்டருக்கு போன். "சாப்பிடவே இல்ல, அதான் ஊசி போடல"ன்னு ஒரு குழந்தைய தூக்கிட்டு வந்தாங்க என்கிட்ட, ரெண்டு நாளா அஜீரணம்னு வீட்டுலயே ஏதோ மருந்து குடுத்திருக்காங்க, கன்னம் ஒட்டி, நெஞ்சு மட்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. பிழைச்சுது, ஐசியூல நாலு நாள். சாப்பிடாத நாள்லயும் நீண்ட நேரம் வேலை செய்யற அந்த அடிப்படை ஊசி வேணும், எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர் அடிக்கடி 70க்குக் கீழ போனாலும் அவரே குறைச்சுத் தருவார், நீங்களா கை வைக்காதீங்க.

தொடையில கட்டி மாதிரி இருக்கறது ஒரே இடத்துல குத்தறதால, இடம் மாத்துங்க. தங்கச்சிக்கு ஒட்டுமா? சுகர் ஒட்டாது. கூடப்பொறந்தவங்கள்ல சுமாரா நூத்துல அஞ்சு பேருக்கு வரலாம், அவ்ளோதான், ரொம்ப தண்ணி குடிச்சாலோ திடீர்னு படுக்கைய நனைச்சாலோ அன்னிக்கே ஒரு சுகர் டெஸ்ட் பாத்துடுங்க.

பையனுக்குக் குடுக்கறதா எழுதியிருக்கீங்களே, அந்த "பீட்டா செல் வளர்க்கும்" பொடி, அத இன்னிக்கே நிறுத்துங்க, ஆனா டப்பாவ தூக்கிப் போடாதீங்க. இந்த மாதிரி பொடி சிலதுல சுகர் மாத்திரையவே அரைச்சுக் கலந்து வித்து மாட்டியிருக்காங்க. டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய், எத்தன நாளா குடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, அவர் திட்டினா திட்டட்டும்.