மர்ம நாவல்: கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் மர்ம நாவல் எடுத்தால் பாதியிலேயே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறாள். ஆள் பெயர்கள் குழம்புகின்றனவாம். என்ன செய்யலாம்?
- வாசகி, அயனாவரம்

பதில்: பெயர்க் குழப்பம் தீர்ந்தால் அந்த ஓட்டமும் நின்றுவிடும். புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள். புது ஆள் வரும்போது பெயர், உறவு, சம்பவ நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார், இந்த மூன்று போதும். அதற்கு மேல் எழுதினால் வீட்டுப்பாடமாகிவிடும். தடயம் பெரும்பாலும் ஏதாவது பட்டியலின் நடுவிலோ, ஓர் அலறலுக்குச் சற்று முன்போ ஒளிந்திருக்கும். வேகமாகப் படிப்பவர்கள் கோட்டைவிடுவது அங்கேதான். முக்கால் பங்கில் நிறுத்தி, குற்றவாளி யார், ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி வகுத்தார். அதை மீறிய நாவலில் ஊகம் தப்பினால் அவள்மேல் பிழையில்லை. முடிவு தெரிந்தபின் முதல் இரண்டு அத்தியாயங்களைத் திரும்பப் படிப்பது தனிச் சுகம்!

கேள்வி: பிள்ளைகள் கேட்கும் மர்ம நாவல்கள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்க முடியுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தேவையில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தினம் ஐந்து பக்கம் என்று இழுத்தால் தடயம் மறந்துபோகும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரட்டும்.